ஒன்பதாம் நம்பருக்கு நேரே

கயிறு விறைப்பாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் எமல்டா அதை இன்னொரு தடவை சுண்டிப் பார்த்தாள். தெற்கு மூலையில் ஒரு முளை, வடக்கு மூலையில் ஒரு முளை, நடுவே நூறு மீட்டர் நைலான் கயிறு, கையில் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் பவுடர் டின், டின் நிறையச் சுண்ணாம்புத் தூள். மணி ஆறு ஆகவில்லை. எட்டரைக்கு மேட்ச். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டி, அதுவும் சொந்த மைதானத்தில், அதுவும் அவள் ஓய்வு பெற இரண்டே மாதம் இருக்கும்போது. உடற்கல்வி இயக்குநர் என்று போர்டு மாட்டிய பெண்மணி குனிந்து சுண்ணாம்பு போடுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மைதானத்தில் கோடு போடுகிற மார்க்கர் ஆரோக்கியம் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாகிறது, அந்த இடத்துக்கு ஆள் போடுகிறோம் போடுகிறோம் என்று மூன்று பிரின்சிபால்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், கோடு என்ன தானாகவா வந்து விழும். குனிந்தாள். இடுப்பு மளுக்கென்றது. டின்னை லேசாக ஆட்டினால் பொடி சீராக விழும், கொஞ்சம் கூடினால் குவிந்துவிடும். ஆரோக்கியம் இதை ஒரு கையில் பீடியோடு செய்வார். பத்தடி போவதற்குள் கக்கத்தில் இருந்த ஃபைல் நழுவியது. எடுத்து மறுபடி இடுக்கிக்கொண்டாள். ஃபைலுக்குள் டீம் லிஸ்ட் இருந்தது. முதலில் இறங்கும் பதினோரு பேரில் பத்துப் பேரை எழுதியாகிவிட்டது. ஒன்பதாம் நம்பருக்கு நேரே மட்டும் காலி. ஒன்பது என்றால் சென்டர் ஃபார்வர்டு, சென்டர் ஃபார்வர்டு என்றால் இந்த மூன்று வருஷமாக இளவேனி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நேற்று ராத்திரியே எழுதியிருக்க வேண்டிய பெயர். ஏழரைக்குள் லிஸ்ட்டை ரெஃப்ரி கையில் கொடுத்தாக வேண்டும்.

பெனிட்டா வராமல் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் எமல்டாவுக்குத் தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது, ஆனாலும் அதுதான் நினைப்பு, பெனிட்டா வராமல் இருந்திருக்கலாம். ஐந்தரைக்கு மைதானத்து கேட்டைத் திறக்கும்போதே கேப்டன் பெனிட்டா அங்கே நின்றுகொண்டிருந்தாள், ஹாஸ்டல் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, முகம் வெளிறிப்போய். "மேம், இளவேனி ராத்திரிலேர்ந்து ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா மேம். லைட்டைப் போட்டா கண்ணு கூசுதுங்கறா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." சத்தியம் வாங்கியவள் கெட்டிக்காரி, கொடுத்தவள் நல்லவள், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது யார். நேற்று சாயங்காலம் செமி ஃபைனலில் கார்னரிலிருந்து வந்த பந்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள், எதிர் டீம் பெண் ஒருத்தி, இவள் ஒருத்தி, தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அது பெவிலியன் வரை கேட்டது. எமல்டா ஓடினாள். ஐம்பத்தேழு வயசில் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது. மண்டியிட்டு, தலையைத் தூக்கி மடியில் வைத்து, முப்பத்தொரு வருஷமாகக் கேட்கிற மூன்று கேள்விகளைக் கேட்டாள். இன்னைக்கு என்ன கிழமை. ஸ்கோர் என்ன. கடைசியா கோல் போட்டது யாரு. இளவேனி கண்ணைத் திறந்து சனிக்கிழமை, ஒண்ணுக்கு ஒண்ணு, ஷர்மி என்று கடகடவென்று சொன்னாள், எழுந்தாள், பத்து நிமிஷத்தில் இரண்டாவது கோலையும் போட்டாள். காலேஜே கத்தியது. எமல்டாவும் கத்தினாள், தொண்டை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அத்தோடு பெனிட்டா வாயை மூடியிருக்கலாம். பயத்தில் இருப்பவர்கள் பாதியில் நிறுத்த மாட்டார்கள், ஒன்றைச் சொல்லிவிட்டால் பின்னால் இருப்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். "அந்த மூணு கேள்வியை நாங்க ஜூனியர் புள்ளைகளுக்கு வந்த முத வாரமே சொல்லிக் குடுத்துருவோம் மேம். என் சீனியர் எனக்குச் சொன்னாங்க. மேட்ச்ல யாராவது விழுந்தா, நீங்க ஓடியாறதுக்குள்ள பக்கத்துல இருக்கவங்க பதிலைக் காதுல சொல்லிருவோம். நேத்து நான்தான் சொன்னேன்." அவ்வளவுதான். போ, போய் அவளைப் பார்த்துக்கோ என்று அவளை அனுப்பிவைத்தாள். எமல்டா டின்னைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். சிறுமலைப் பக்கம் வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. முப்பத்தொரு வருஷம். எத்தனை தலை, எத்தனை மடி. அந்த மூன்று கேள்விகளையும் எத்தனை பெருமையாகக் கேட்டிருக்கிறாள், வெளி மைதானங்களில் மற்ற கோச்சுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள், எமல்டா பொறுப்பானவள். ஒரே ஒரு தடவை நாலாவதாக ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாதா, உன் பெரியப்பா பேரென்ன, காலையில் ஹாஸ்டலில் என்ன டிபன், எதையாவது. கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மந்திரம் மாதிரி அதே மூன்று, அதே வரிசை, அந்தப் பிள்ளைகளும் பாவம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது, கேள்வித்தாளை வருஷா வருஷம் மாற்றாத வாத்தியாரைத்தானே சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு தடவை பயிற்சி முகாமுக்குப் போயிருந்தபோது ஒரு டாக்டர் வந்து பேசினார், முதல் அடி இல்லம்மா, அது ஆறுவதற்குள் விழுகிற ரெண்டாவது அடிதான் ஆளைக் கொல்லும் என்றார். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்தாள். அந்த நோட்டு இப்போது பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை, அடிக்கோடு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து.

சரி, வாந்தி என்றால் வாந்திதானா. ஹாஸ்டல் சாம்பாரில் வராத வாந்தியா. மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி பயத்தில் வாந்தி எடுக்காத ஃபார்வர்டு உண்டா. மேட்ச் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம், ஸ்கேன் எடுத்துவிடலாம், ஒன்றரை மணி நேரம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது. முதல் பாதியில் உட்கார வைத்து இரண்டாம் பாதியில் மட்டும் இறக்கலாம். ஹெட் பண்ணாதே, காலால் மட்டும் ஆடு என்று சொல்லி அனுப்பலாம். சொல்லலாம், அவளும் தலையாட்டுவாள், கார்னர் பந்து வந்தால் முதலில் எழும்புகிற தலை அவளுடையதாகத்தான் இருக்கும், அப்படி எழும்பு என்று மூன்று வருஷம் கத்திக் கத்திப் பழக்கியது யார். எமல்டா நடுக்கோடு வரை வந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக்கு அடியில் வெள்ளை சீராக ஓடியது. இந்த ஒரு வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை, ஆரோக்கியமே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, என் கோட்டை விட உங்க கோடு நேர் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம்தான். முடிந்ததும் ஆஸ்பத்திரி. இதையே எப்போதோ சொல்லியிருக்கிறோமே என்று மனசு எங்கேயோ இடறியது, எப்போது, எங்கே, யாரிடம், தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நடித்துப் பார்த்தாள், பலிக்கவில்லை.

ஜான்சிராணி. காரைக்குடி. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஃபைனல். முழங்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. இடைவேளையில் ஐஸ் வைத்து, க்ரேப் பேண்டேஜ் சுற்றி, இரண்டு தடவை ஸ்ப்ரே அடித்து, "இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான் ஜான்சி, முடிஞ்சதும் ஆஸ்பத்திரி" என்று முதுகில் தட்டி இறக்கிவிட்டது இதே கைதான். பெனால்டியில் தோற்றார்கள். ஜான்சியின் கால் அதோடு சரி. உள்ளே ஏதோ அறுந்துவிட்டதாக டாக்டர் சொன்னார், மூன்று மாதம் கழித்து போலீஸ் தேர்வில் ஓடப் போனவள் இருநூறாவது மீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஃபைனலுக்கும் சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள், டீமுக்குப் பதினெட்டு சிவப்பு ஹேர்பேண்டு கொண்டுவருவாள், பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள், அந்தக் கால் மடங்காது. புதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துச் சொல்வாள், "மிஸ் அன்னைக்கு என்னை எறக்கிவிட்டாங்க பாரு, அதான்டி என் வாழ்க்கையிலேயே பெரிய நாள்." எமல்டாவை இன்னும் மிஸ் என்று கூப்பிடுகிற ஆட்களில் அவள் ஒருத்தி. ஒரு தடவை, ஒரே தடவை, அவள் திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று எமல்டாவுக்குத் தோன்றும். திட்டாதவர்களிடம் மன்னிப்புக் கேட்க எந்த இடத்தில் ஆரம்பிப்பது. பத்தொன்பது வருஷமாக ஹேர்பேண்டை வாங்கி விநியோகித்துவிட்டு, காபி சாப்பிடுறியா ஜான்சி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் வருவாள்.

பெனால்டி பாக்ஸுக்குக் கயிற்றை மாற்றிக் கட்டினாள். அவள் இந்தக் காலேஜுக்கு வந்தபோது கால்பந்து என்ற பேச்சே கிடையாது, வளையப்பந்தும் த்ரோபாலும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார்கள். நாலாவது வருஷம் கோகோ ஆடுகிற பிள்ளைகளில் பதினோரு பேரைப் பிடித்து, விதிப் புத்தகத்தை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் விசில் ஊதி, தனக்கே தெரியாத ஒன்றை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அம்மாக்கள் வந்து அரை டிரவுசரைப் பற்றிச் சண்டை போட்டார்கள், முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி டெய்லரிடம் சொல்லி பதினோரு டிரவுசர் தைத்தாள், அது டிரவுசரா பாவாடையா என்று எதிர் டீம் சிரித்தது. முதல் மேட்ச்சில் பதினோரு கோல் வாங்கினார்கள். ஆளுக்கு ஒண்ணு மிஸ், சரியா இருக்குல்ல என்று கோல்கீப்பர் சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்துச் சிரித்து, மடியில் வைத்திருந்த எலுமிச்சைச் சாதம் கொட்டிப்போனது. அன்றைக்குத் தோற்றதில் இருந்த சந்தோஷம் அப்புறம் ஜெயித்த எதிலும் இல்லை. ஜெயிக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஆறு ஃபைனல், ஆறு ரன்னர் கப். கண்ணாடி அலமாரியில் ஆறும் உயர வரிசையில் நிற்கின்றன, நடுத்தட்டு காலி, வின்னர் கப் வந்தால் வைக்க. ரன்னர் மேம் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதில் இத்தனை வருஷத்தில் நல்ல பழக்கம் வந்துவிட்டது. பிரின்சிபால் போன வாரம் ஸ்டாஃப் மீட்டிங்கில், மேடம் போறதுக்குள்ள அந்த நடுத்தட்டை நிரப்பிட்டுப் போங்க என்றார், எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், எதற்கென்று தெரியாமல். களைப்பாக இருந்தது. இன்றைய களைப்பு இல்லை இது, இதற்குத் தூக்கம் மருந்தில்லை. வீட்டில் கணவர் லூர்து காலண்டரில் தேதியைக் கிழிக்கும்போதெல்லாம் இன்னும் அறுபத்தொண்ணு, இன்னும் அறுபது என்று எண்ணுகிறார், அவருக்கு என்ன, பேங்க்கில் ஒரு பெண்ணும் தலையில் அடிபட்டு அவர் மடியில் படுத்ததில்லை.

இளவேனிக்கும் இது கடைசி. மூன்றாம் வருஷம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சொல்ல வழியில்லை. பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் இன்றைய ஃபைனலைப் பார்க்க வருகிறார்கள், டீமில் பெயர் வந்தால் அகில இந்தியப் போட்டி, அங்கே ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அப்பா, எத்தனை நாளைக்குடி இந்தப் பந்தை உதைப்பே என்று ஒவ்வொரு லீவுக்கும் கேட்பாராம். "லிஸ்ட்ல பேரு மட்டும் வந்துரட்டும் மேம், அவரே வந்து விசிலடிப்பாரு" என்று போன மாதம்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளை நிறுத்தினால் இறங்கப்போவது நிஷாந்தினி. பாவம் நல்ல பெண், ஷூ லேஸ் கட்ட இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வாள், கோலுக்கு முன்னால் பந்து கிடைத்தால் கம்பிக்கு மேலே உதைத்து லேடீஸ் ஹாஸ்டல் மாடிக்கு அனுப்புவாள். ஆக ஏழாவது ரன்னர் கப் உறுதி. நிறுத்தினால் ஒரு பெண்ணின் வேலை போகிறது, நடுத்தட்டு காலியாக நிற்கிறது. இறக்கினால், இறக்கினால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்த 'லாம்' என்பதில் எமல்டா கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டாள். சுகமாகத்தான் இருந்தது. பாக்ஸின் மூன்றாவது பக்கம் முடிந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது, ஜான்சிராணி இறங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, மடியில் ஹேர்பேண்டுப் பையோடு உட்கார்ந்து, தூரத்திலிருந்தே கையாட்டினாள். எமல்டாவும் டின்னோடு கையாட்டினாள், சுண்ணாம்பு முகத்தில் கொட்டியது.

ஏழு மணிக்கு இளவேனி வந்தாள். தலை நன்றாக எண்ணெய் வைத்து வாரி, ரெட்டைச் சடை, காலில் ஹாஸ்டல் ரப்பர் செருப்பு, கையில் ஷூ. வெயில் இன்னும் ஏறாத நேரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். பெனிட்டா உளறிவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் வந்ததும், எமல்டா வாயைத் திறப்பதற்குள், அவளே ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மேம். நேத்து ரெண்டுக்கு ஒண்ணு. கடைசி கோல் நான்தான் போட்டேன்."

எமல்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தது. இரண்டையும் விழுங்கினாள். முதலில் போட்ட நீளக்கோட்டின் பக்கம் அவளைக் கூட்டிப் போனாள்.

"இந்தக் கோட்டு மேலயே நட. அந்த நடுக்கொடி வரைக்கும்."

"எதுக்கு மேம்?"

"சும்மா நட."

இது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. இளவேனி ஷூவைக் கீழே வைத்துவிட்டு ஏறி நின்றாள். முதல் ஐந்து அடி சரியாக வெள்ளையில் விழுந்தது. ஆறாவது பாதி வெள்ளை, பாதி மண். அதற்கு அப்புறம் கால் தானாக இடது பக்கம் இழுத்துக்கொண்டே போனது, அவளுக்குத் தெரியவில்லை, கைகளை லேசாக விரித்துக்கொண்டு, தாடையை இறுக்கிக்கொண்டு, கோட்டில் நேராக நடப்பதாக நினைத்து மண்ணில் நடந்தாள். கொடிக்குப் பக்கத்தில் போய் நின்று ஜெயித்த முகத்தோடு திரும்பினாள். அப்புறம் கீழே பார்த்தாள். செருப்பில் ஒட்டிய சுண்ணாம்பு அவள் வந்த வழியை மண்ணில் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"கோடு கோணலா இருக்கு மேம்," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நான் நேராத்தான் நடந்தேன். கோடுதான் கோணல்."

அந்தக் கோட்டில் இன்னும் கொஞ்சம் பனி ஈரம் இருந்தது, கயிறு கிடந்த தடம்கூட அப்படியே இருந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் எமல்டாவின் கோட்டை யாரும் கோணல் என்று சொன்னதில்லை. அதைச் சொல்ல இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்.

"ஆமாடி," என்றாள். "கோணல்தான் போட்டுட்டேன். வயசாச்சுல்ல."

"அப்ப நான் ஆடலாம்ல மேம்?"

"வேணாம்டி."

ஃபைலைத் திறந்து, முழங்காலில் வைத்து, ஒன்பதாம் நம்பருக்கு நேரே நிஷாந்தினி என்று எழுதினாள். 'ஷா' மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. இளவேனி அதை எட்டிப் படித்தாள். அழுவாள் என்று எமல்டா எதிர்பார்த்தாள். அழவில்லை.

"ஜெயிக்கணும்னே உங்களுக்கு இல்ல. கடைசி வரைக்கும் ரன்னர் மேமாவே போங்க."

முகத்துக்கு நேரே அந்தப் பெயரை எமல்டா முதல் தடவையாகக் கேட்டாள். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் இந்த வலியோடு வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கக்கூடச் செய்யலாம் என்றும் அந்த நிமிஷமே தெரிந்தது.

"ஜான்சி," என்று கூப்பிட்டாள். "வண்டில இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தலைல அடி. நேத்து மயக்கம், ராத்திரி வாந்தி, இப்ப நடை சரியில்ல. இதை அப்படியே டாக்டர்கிட்டச் சொல்லு. நான் அவங்க அப்பாவுக்கு போன் பண்றேன்."

ஜான்சிராணி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருந்திருக்கிறாள். ஹேர்பேண்டுப் பையை எமல்டாவிடம் கொடுத்தாள். இளவேனியின் தோளைப் பிடித்துத் திருப்பி ஸ்கூட்டர் பக்கம் அனுப்பினாள். தானும் இரண்டடி நடந்தவள் நின்றாள். கோட்டைப் பார்த்தாள், பக்கத்தில் விலகிப் போன செருப்புத் தடத்தைப் பார்த்தாள், அப்புறம் எமல்டாவைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற குரல்தான்.

"எனக்கும் இப்படி ஒரு கோணல் கோடு போட்டிருக்கலாம் மிஸ், நீங்க."

சொல்லிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினாள். இளவேனி பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஜான்சியின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டும்வரை எமல்டா பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை, வந்தே விட்டது, பதில் சொல்லக்கூட விடாமல் போயும் விட்டது. கையில் இருந்த பையில் பதினெட்டு ஹேர்பேண்டு. இரண்டு டீமும் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்திருந்தார்கள், ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே லிஸ்ட்டுக்குக் கை நீட்டினார். அந்த லைன் பக்கத்துல என்ன மேடம் தடம், கொஞ்சம் அழிச்சிரலாமே என்றார். அது இருக்கட்டும் சார் என்றாள் எமல்டா. நடு வட்டம் இன்னும் போடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, டின்னை எடுத்துக்கொண்டு நடந்தாள்.